ஜியோகேஷிங்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ஒருவர் ஒரு டப்பாவை வெளியிடத்தில் மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோ கைபேசியோ கையில் வைத்துக்கொண்டு அதைத் தேடிப் போகிறார்கள். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் தன் பெயரையும் தேதியையும் எழுதி, டப்பாவை எடுத்த இடத்திலேயே மறுபடி மறைத்துவிட்டு வர வேண்டும். இந்தப் பொழுதுபோக்குக்குத்தான் ஜியோகேஷிங் என்று பெயர். கேச்சிங் என்றும் எழுதுகிறார்கள். மூல உச்சரிப்புக்கு நெருக்கமானது கேஷிங்.

இது பிறந்த நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறிப்பலையில் அமெரிக்க அரசு அதுவரை வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரைகூட இடம் தவறும். 2000 மே 2 அன்று அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே ஒரேகான் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு மறைத்து வைத்து, இட எண்களை ஓர் இணையக் குழுவில் அறிவித்தார். ஏதாவது எடுத்தால் ஏதாவது வைத்துவிட்டுப் போங்கள் என்பதுதான் அவர் சொன்ன விதி. அந்த வாளியில் ஒரு பீன்ஸ் டின்னும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த விளையாட்டுக்கு 'ஜிபிஎஸ் ஸ்டாஷ் ஹன்ட்' என்றுதான் பெயர். ஆனால் ஸ்டாஷ் என்றால் போதைப்பொருள் போன்றவற்றை ஒளித்து வைப்பது என்ற நெடி ஆங்கிலத்தில் உண்டு. அதனால் அதே மே மாத இறுதியில் மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேஷிங் என்ற சொல்லை முன்மொழிந்தார். ஜியோ, நிலத்தைக் குறிக்கும் கிரேக்க வேர். கேஷ், மறைத்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. வட அமெரிக்கக் காடுகளில் திரிந்த பிரெஞ்சு வேட்டைக்காரர்கள், திரும்பி வரும்போது உதவும் என்று வழியில் மறைத்து வைத்த உணவுப் பொதிகளை அப்படி அழைத்தார்கள். கணினியில் உடனே எடுக்கத் தோதாகத் தரவைத் தேக்கி வைக்கும் நினைவகத்துக்கும் இதே பெயர்தான். மறுபடி எடுப்பதற்காக மறைத்து வைப்பது என்ற கருத்து எல்லாவற்றிலும் ஓடுகிறது.

தமிழில் பலருக்கும் சட்டென்று தோன்றுவது 'புதையல் வேட்டை'. எனக்கு அதில் உடன்பாடில்லை. புதையல் என்றாலே புதைத்து வைத்தது. இந்த விளையாட்டிலோ டப்பாவை வைக்கவும் தேடவும் மண்ணைத் தோண்டக் கூடாது. மரப்பொந்து, பாறையிடுக்கு, பாலத்தின் அடிப்பக்கம் என்று கைக்கு எட்டும் மறைவில்தான் வைக்க வேண்டும். தவிர, கிடைப்பதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணத்தையும் புதையல் என்ற சொல் கொடுத்துவிடுகிறது. சரி, 'பதுக்கல்' என்று சொல்லலாமா? கள்ளச் சந்தைதான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் ஸ்டாஷ் கைவிடப்பட்ட அதே காரணம் இதற்கும் பொருந்தும். 'கரவு' பழைய, அழகான சொல். ஆனால் அதில் வஞ்சனை என்ற பொருளும் ஒட்டியிருக்கிறது.

'மறைபொதி' என்பது என் தேர்வு. வேட்டைக்காரர்களின் உணவு மூட்டைக்கும் பொருந்தும், இன்றைய டப்பாவுக்கும் பொருந்தும். விளையாட்டை 'மறைபொதி தேடல்' எனலாம். புவி என்ற முன்னொட்டு இல்லாமலே பொருள் விளங்குகிறது.

அடுத்தது டிராக்கபிள்: ஒரு மறைபொதியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிப் பயணம் போகும் பொருள். தமிழில் 'தடப்பொருள்' என்றால் போதும். ஒவ்வொன்றிலும் தனித்தனிக் குறியீட்டு எண் பொறித்திருக்கும். இவற்றில் பெயர் பெற்றது 'டிராவல் பக்': ராணுவத்தினர் கழுத்தில் அணியும் அடையாளத் தகடு போன்ற உலோகத் தகடு. அதை ஒரு பொம்மையிலோ சாவி வளையத்திலோ கோத்து, இந்த ஊருக்குப் போக வேண்டும், இத்தனை மலைகளைப் பார்க்க வேண்டும் என்று ஓர் இலக்கும் கொடுத்து ஒரு மறைபொதியில் விடுவார்கள். கண்டவர் எடுத்துப்போய் இன்னொரு மறைபொதியில் வைக்க வேண்டும்; எடுத்ததையும் வைத்ததையும் அதன் இணையப் பக்கத்தில் பதிய வேண்டும். கடந்த தூரம் அங்கே கூடிக்கொண்டே போகும். இதைப் பயணப் பூச்சி என்று மொழிபெயர்த்தால் ஒன்றும் விளங்காது. பிறர் தயவில் ஊர் ஊராகப் போவதால் 'வழிப்போக்கன்' என்றே அழைக்கலாம். ஜியோகாயின் எனப்படும் நாணய வடிவத் தடப்பொருளும் உண்டு.

சில தடப்பொருள்கள் வெகுதூரம் போயிருக்கின்றன. 2008-இல் ஒன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. 2021-இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ஒரு கருவியில், விண்வெளி வீரரின் தலைக்கவச முகப்புக்கான பொருளால் செய்த துண்டு ஒன்று இருக்கிறது. அதிலும் தடக்குறியீடு உண்டு. ஊர்தி அனுப்பும் படத்தில் அந்த எண்ணைப் படித்து, 'கண்டேன்' என்று யாரும் பதியலாம். உல்மரின் வாளியில் இருந்த பீன்ஸ் டின்னும் பின்னாளில் மீட்கப்பட்டு, இப்போது அதுவும் ஒரு தடப்பொருளாகிவிட்டது.

ஆனால் நிறையத் தடப்பொருள்கள் பாதி வழியிலேயே காணாமல் போகின்றன. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது. திருட்டுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். புதிதாக வருபவர் இதை மாற்றுப் பரிசு என்று நினைத்து, பதிலுக்கு ஒரு பொம்மையை வைத்துவிட்டு எடுத்துப் போய்விடுகிறார். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கும் விதி தடப்பொருளுக்குக் கிடையாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. இன்னொருவர் ஆர்வத்தோடு எடுப்பார், அப்புறம் பொழுதுபோக்கையே விட்டுவிடுவார். பொருள் மேசை இழுப்பறையில் கிடக்கும். சில நேரம் வெள்ளத்தில் மறைபொதியே அடித்துப் போய்விடும். நாணயங்களைச் சேகரிப்பவர்கள் வைத்துக்கொள்வதும் நடக்கிறது. அதனால் சிலர் நாணயத்தில் துளை போட்டு அனுப்புகிறார்கள், சிலர் அசலைத் தம்மிடம் வைத்துக்கொண்டு நகலை அனுப்புகிறார்கள்.

பதிவு விட்டுப்போவதும் இதே அளவு கெடுதல்தான். இணையப் பக்கத்தில் இங்கே இருக்கிறது என்று காட்டும், போய்ப் பார்த்தால் இருக்காது. உரிமையாளர் காத்திருந்து பார்த்துவிட்டு, காணவில்லை என்று குறிப்பார். பக்கத்தில் 'இருப்பிடம் தெரியவில்லை' என்று வந்துவிடும். டிராவல் பக் தகட்டுடன் உரிமையாளருக்கு இரண்டாவது தகடும் கிடைக்கும் என்பதால், வேறு பொம்மையில் கோத்து அதே எண்ணில் மறுபடி அனுப்பலாம். தொலைந்தது திரும்பி வந்தால் ஒரே எண்ணில் இரண்டு ஆகிவிடுமே என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. காணவில்லை என்று குறித்த பின்னும் பக்கம் மூடப்படுவதில்லை. ஆண்டுகள் கழித்து இழுப்பறையில் அகப்பட்டாலும், தகட்டில் உள்ள எண்ணை இட்டு 'எடுத்தேன்' என்று பதிந்து அடுத்த மறைபொதியில் வைத்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து பயணக் கணக்கு தொடரும்; உரிமையாளருக்கும் மின்னஞ்சல் போகும்.