தோலுக்குள் இருக்கும் மருந்து

காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிடுகிறது. தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். மூன்றாம் நாள் பொருக்குக் கட்டிவிடுகிறது, பெரும்பாலும் சீழ் வைப்பதில்லை. பலகையிலும் கத்தியிலும் இருந்த பாக்டீரியா எங்கே போயின?

1987-இல் அமெரிக்க விஞ்ஞானி மைக்கேல் ஜாஸ்லாஃப் இதே கேள்வியைத் தவளைகளைப் பார்த்துக் கேட்டார். அறுவை செய்து தைத்த ஆப்பிரிக்கத் தவளைகளைக் கிருமி நிறைந்த தொட்டியில் விட்டாலும் காயம் சுத்தமாக ஆறியது. அவற்றின் தோலிலிருந்து, பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு சிறு பெப்டைடை, அதாவது 23 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் புரதத்தை, பிரித்தெடுத்தார். கேடயம் என்ற பொருளுள்ள ஹீப்ரு சொல்லிலிருந்து அதற்கு 'மெகைனின்' என்று பெயர் வைத்தார்.

நம்மிடமும் இப்படிப்பட்டவை நிறைய உண்டு. எனக்கு மிகவும் வியப்பளிப்பது எல்.எல்-37 என்ற பெப்டைடு. பெயரிலுள்ள 37, அதன் அமினோ அமிலங்களின் எண்ணிக்கை. உறையில் இட்ட கத்தி போல, செயல்படாத ஒரு பெரிய புரதத்தின் வால்பகுதியாகத்தான் இது வெள்ளையணுக்களில் தங்கியிருக்கிறது. காயம் பட்டதும் நொதிகள் அந்த வாலை வெட்டி விடுவிக்கின்றன.

சரி, பாக்டீரியாவை மட்டும் எப்படி அடையாளம் காண்கிறது? மின்னூட்டத்தால்தான். எல்.எல்-37 நேர்மின்னூட்டம் கொண்டது. பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் போய் ஒட்டிக்கொள்கிறது. பாக்டீரியாவைச் சூழ்ந்த சவ்வைத் தொட்டதும் சுருளாக மடிகிறது: ஒரு பக்கம் தண்ணீரை நாடும், மறுபக்கம் கொழுப்பை நாடும். கொழுப்பை நாடும் பக்கம் சவ்வுக்குள் புதைய, சவ்வு குலைந்து உள்ளிருப்பது வெளியே கசிகிறது. நம் செல்களின் சவ்வில், வெளி அடுக்குக் கொழுப்புகளுக்கு நிகர மின்னூட்டம் ஏறக்குறைய இல்லை, சவ்வில் கொலஸ்ட்ராலும் இருக்கிறது. ஆகவே அவை பெரும்பாலும் தப்பிக்கின்றன. புதுக் கிருமிக்கு ஆன்டிபாடி தயாராகப் பல நாள் ஆகும். ஈ.கோலை போன்ற பாக்டீரியாவோ தோதான சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். அந்த இடைவெளியில் நம்மைக் காப்பவற்றுள் இந்தப் பெப்டைடுகளும் அடக்கம்.

இவற்றின் அருமை தோல் நோய்களில் தெரியும். எக்சிமா வந்த இடத்தில் சொறியச் சொறிய நீர் வடிந்து, தேன் நிறத்தில் பொருக்கு படியும். அது ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடியேறியதன் அடையாளம். சோரியாசிஸிலும் தோல் வெடித்து வெள்ளைச் செதிலாக உதிரும், ஆனால் அங்கே கிருமித்தொற்று அரிது. சோரியாசிஸ் தோலில் இந்தப் பெப்டைடுகள் ஏராளம். எக்சிமா தோலில் அந்த அளவு ஊறுவதில்லை.

ஏராளமாக இருப்பதிலும் சிக்கல் உண்டு. இறந்த செல்களிலிருந்து சிதறும் நம் சொந்த டி.என்.ஏ-வோடு எல்.எல்-37 ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒட்டிய இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நோயெதிர்ப்பு செல்கள் வைரஸ் புகுந்துவிட்டதாக எண்ணி அழற்சியைக் கிளப்புகின்றன. சோரியாசிஸ் மூள இதுவும் ஒரு காரணம்.