நூறு நாள் வேலையில் மாட்டுக் கொட்டகை, ஆட்டுக் கொட்டகை: யாருக்கு, எப்படி?

நூறு நாள் வேலை என்றாலே ஏரி தூர் வாருவதும் கால்வாய் வெட்டுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே திட்டத்தில், சொந்த இடத்தில் மாடு, ஆடு, கோழி, பன்றிக்குக் கொட்டகை கட்டிக்கொள்ள வழி இருக்கிறது. இந்தத் திட்டத்துக்கான 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே தனிநபர் பணிகள் என்ற தலைப்பில் இது இருக்கிறது. மாட்டுக்குத் தீவனத் தொட்டி கட்டுவதும் அதில் சேர்த்திதான். தகுதியுள்ள குடும்பங்கள் பல இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 125 நாள் வேலை தரும் புதிய சட்டம் ஒன்றை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. பழைய சட்டத்தின் இடத்துக்கு அதுதான் வருகிறது. இங்கே சொல்வதெல்லாம் 2005 சட்டத்தின்படி. உங்கள் ஊராட்சியில் இப்போது எந்தச் சட்டத்தில் பணி எடுக்கிறார்கள், கொட்டகைப் பணி அதில் உண்டா என்று ஊராட்சி செயலரிடம் கேட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

யாருக்குக் கிடைக்கும்? பட்டியல் சாதியினர், பழங்குடியினர், நாடோடி மற்றும் சீர்மரபினர், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், பெண்ணோ மாற்றுத்திறனாளியோ தலைமை தாங்கும் குடும்பங்கள், நில உச்சவரம்பில் நிலம் பெற்றவர்கள், அரசு வீட்டுத் திட்டப் பயனாளிகள், வன உரிமைச் சட்டத்தில் நிலம் பெற்றவர்கள். இவர்களுக்குக் கொடுத்த பிறகு 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கும் உண்டு. எல்லோருக்கும் பொதுவான நிபந்தனை இரண்டு: வேலை அட்டை இருக்க வேண்டும், வீட்டிலிருந்து ஒருவராவது அந்தக் கொட்டகை வேலையில் இறங்கி உழைக்க வேண்டும். வேலை அட்டைக்குக் காசு கிடையாது. விண்ணப்பித்த 15 நாளில் கொடுத்தாக வேண்டும்.

இது கடன் இல்லை. மொத்தமாகப் பணம் கையில் வரும் மானியமும் இல்லை. உங்கள் இடத்தில் நீங்கள் செய்யும் வேலைக்கு மஸ்டர் ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறும், கூலி வங்கிக் கணக்குக்கு வரும். 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு நாள் கூலி 336 ரூபாய். அந்த நாட்கள் உங்கள் குடும்பத்தின் நூறு நாள் கணக்கில்தான் கழியும். சிமெண்ட், கம்பி, கூரைத் தகடு, கொத்தனார் கூலி எல்லாம் பொருட்செலவு என்று திட்டத்தின் கணக்கிலேயே வரும். ஒப்பந்ததாரருக்கு இந்தத் திட்டத்தில் இடமே கிடையாது. "கொஞ்சம் முன்பணம் கொடுங்க, நான் கட்டிக் கொடுத்துடறேன்" என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள்.

மனுவைக் கிராம சபையில் கொடுப்பதுதான் நல்லது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த நிதியாண்டுக்கான பணிப் பட்டியல் ஏப்ரலுக்கு முன்பே முடிவாகிவிடும் என்பதால் ஆகஸ்ட், அக்டோபர் கூட்டங்களைத் தவறவிடக் கூடாது. வேலை அட்டை நகல், ஆதார், வங்கிப் புத்தகம், இடத்தின் பட்டா நகல் ஆகியவற்றை இணைத்துக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் பெயர் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். வாய்வார்த்தையாக "பாத்துக்கலாம்மா" என்று சொன்னதை நம்பி வீட்டுக்குப் போனவர்கள்தான் அடுத்த ஆண்டும் அலைகிறார்கள்.

அப்புறம், பணி உத்தரவு வரும்வரை ஒரு குழிகூடத் தோண்டாதீர்கள். காலி இடம், பாதி வேலை, முடிந்த கொட்டகை என மூன்று கட்டத்திலும் எந்த இடம் என்று காட்டும் இடக்குறியீட்டுடன் படம் எடுப்பார்கள். முதல் படம் இல்லாவிட்டால் கணக்கு நிற்காது. பொருட்செலவுப் பணம் தாமதமாக வருவது இந்தத் திட்டத்தின் பெரிய குறை. பயனாளியே கடையில் கடன் சொல்லிப் பொருள் வாங்கும்படி ஆகிவிடுகிறது. அந்தப் பணத்துக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். பொருளை யார் வாங்குவது, பில் யார் பெயரில் போடுவது என்று ஒன்றியப் பொறியாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மதிப்பீட்டில் உள்ள அளவுக்குத்தான் கட்ட முடியும். இருந்தாலும் ஆட்டுக்கு மரப்பலகைப் பரண் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், பலகைகளுக்கு நடுவே ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் சந்து விட்டு அடித்தால் புழுக்கையும் மூத்திரமும் கீழே இறங்கிவிடும், குட்டியின் கால் சிக்காது. ஆடு ஈரத்தில் படுக்காது. கீழே சேரும் எருவை அப்படியே வயலுக்கு அள்ளலாம். மாட்டுக்கு மரத்தரை வேண்டாம், சொரசொரப்பான சிமெண்ட் தளம் போதும். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே விழாது. கூரையின் மரச்சட்டத்துக்குப் பனைமரம் வெட்டும் எண்ணம் இருந்தால், அதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம்.

மஸ்டர் ரோல் முடிந்து 15 நாளில் கூலி வர வேண்டும். வராவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் இழப்பீடு கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. புகாரை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு நாளில் அவர் அதற்குத் தீர்வு சொல்ல வேண்டும். அங்கே நடக்காவிட்டால் மாவட்டத்தில் இந்தத் திட்டத்துக்கென்றே உள்ள குறைதீர்ப்பாளரிடம் அதே மனுவின் நகலைக் கொடுங்கள்.