நாற்பது லேப்டாப், ஒரே காற்று

அரசுப் பள்ளி வகுப்பு ஒன்றில் நாற்பது பேருக்கும் லேப்டாப் கொடுத்தாகிவிட்டது. சுவரில் வைஃபை பெட்டியும் மாட்டியாகிவிட்டது. "எல்லோரும் அந்த வீடியோவைத் திறங்கள்" என்கிறார் ஆசிரியர். நாற்பது திரையிலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே இணைய இணைப்பைத்தான் திட்டுவோம். பல நேரம் சிக்கல் வகுப்பறைக் காற்றிலேயே இருக்கிறது.

ஒரு வைஃபை சேனலில், அதாவது வைஃபை பேசும் ஓர் அலைவரிசையில், பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். இரண்டு சேர்ந்து பேசினால் எதுவும் விளங்காது. அதனால் ஒவ்வொரு லேப்டாப்பும் முதலில் காதைத் தீட்டிக் கேட்கும். காற்று அமைதியானதும், 0 முதல் 15க்குள் ஏதோ ஓர் எண்ணை எடுத்துக் கீழ்நோக்கி எண்ணத் தொடங்கும். ஓர் எண்ணுக்கு 9 மைக்ரோ நொடி (நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ நொடி). முதலில் பூஜ்யத்தைத் தொட்டது பேசலாம். இரண்டு ஒரே நேரத்தில் தொட்டால் மோதல்தான். அனுப்பிக்கொண்டே கேட்க அவற்றால் முடியாது. "கிடைத்தது" என்ற பதில் வராதபோதுதான் ஏதோ தவறிவிட்டது என்று தெரியும். அடுத்த முறை 31 வரை, அப்புறம் 63 வரை என்று காத்திருப்பு நீளும். கூட்டம் கூடக்கூட நேரம் இப்படியே கரைகிறது.

இதைவிடப் பெரிய தொல்லை, தூணுக்குப் பின்னால் சிக்னல் மங்கிப்போன ஒரு லேப்டாப். 1500 பைட் தகவலை அனுப்ப நொடிக்கு 300 மெகாபிட் வேகத்தில் 40 மைக்ரோ நொடி போதும். சிக்னல் மங்கி வேகம் 6 மெகாபிட்டுக்கு இறங்கினால் 2000 மைக்ரோ நொடி. ஐம்பது மடங்கு! அதுவரை மற்ற 39 பேரும் காத்திருக்க வேண்டியதுதான். அந்த மூலையில் உட்கார்ந்த பிள்ளையின் தவறு இல்லை இது, பெட்டியை மாட்டிய இடத்தின் தவறு.

சரி, பெட்டியின் சக்தியைக் கூட்டினால்? அது உரக்கக் கத்தும், ஆனால் லேப்டாப்பின் பதில் குரல் பழையபடி மெலிந்தே இருக்கும். சக்தியைக் குறைத்து, அறைக்கு ஒரு பெட்டி வைத்து, பக்கத்து அறைக்கு வேறு சேனல் கொடுப்பதே நல்லது. வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைப் பகுதிகளில் இயங்கும். 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். 5 கிகாஹெர்ட்சில் நிறைய உண்டு. சுவரைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சீக்கிரம் தேய்ந்துவிடும். பள்ளிக்கு அது வரம், பக்கத்து வகுப்பின் சத்தம் உள்ளே வராது.

வைஃபை 6 என்ற புதிய தலைமுறைப் பெட்டி, 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலை 9 துண்டு வரை பிரித்து, பல லேப்டாப்புகளுக்கான சின்னச் சின்னத் தகவல்களை ஒரே நேரத்தில் சேர்த்தே அனுப்பும். லேப்டாப்பிலும் அந்த வசதி இருந்தால்தான் பலன். வாங்கும்போதே அதைப் பார்த்துவிடுங்கள்.

பாட வீடியோக்களைப் பள்ளியிலேயே ஒரு சர்வரில் வைத்தால் வெளி இணைப்பின் பாரம் குறையும். காற்றின் பாரம் குறையாது. வழக்கமாக அதே வீடியோ நாற்பது தடவை தனித்தனியாகத்தான் போகும். ஆகவே ஒரு லேப்டாப்பைத் திறந்து பார்த்து "வேலை செய்கிறது" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நாற்பதையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொல்லி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள்.