மறைந்த பாடகரின் புதிய பாடல் மூளையில் என்ன செய்கிறது?

தென்கொரியாவின் 'ஷைனி' இசைக்குழுவின் முதன்மைக் குரல்களில் ஒருவரான கிம் ஜோங்ஹியூன், 2017 டிசம்பர் 18 அன்று தம் 27ஆம் வயதில் காலமானார். அவர் தயாரித்து வைத்திருந்த 'போயட் ஆர்ட்டிஸ்ட்' என்ற இசைத்தொகுப்பு, ஐந்து வாரங்கள் கழிந்த நிலையில், 2018 ஜனவரி 23 அன்று 11 பாடல்களுடன் வெளியானது. சியோல் ஆசான் மருத்துவமனையில் ரசிகர்களுக்கென அமைக்கப்பட்ட அஞ்சலிக்கூடத்தில் வரிசையில் நின்றவர்களுக்கும், அங்கே செல்ல வழியின்றிப் பிற நாடுகளில் இருந்தபடியே அழுதவர்களுக்கும் அன்று வாய்த்தது மனித வரலாற்றில் மிகவும் புதிய ஓர் அனுபவம். இறந்தவரின் பழைய பாடலைக் கேட்பது நினைவுகூர்தல். அவர் உயிரோடிருந்தவரை நாம் கேட்டிராத பாடலை அவர் குரலிலேயே முதன்முறையாகக் கேட்பது அப்படிப்பட்டதன்று. இவ்விரண்டையும் மூளை வெவ்வேறு விதமாகவே கையாள்கிறது என்பதற்கு அறிவியலில் போதிய சான்றுகள் உள்ளன.

குரலிலிருந்து தொடங்குவோம். நுரையீரலிலிருந்து வரும் காற்று, தொண்டையிலுள்ள இரண்டு குரல்நாண்களை அதிரச் செய்கிறது. ஆண்களின் இயல்பான பேச்சில் இந்த அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை நிகழும். உச்சத்தில் பாடும்போது 400 முறையைத் தாண்டிவிடும். ஆனால் ஒருவரின் குரலை இன்னாருடையது என்று நாம் அறிவது இந்த அதிர்வெண்ணால் மட்டும் அன்று. தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் உட்குழிவுகள் சில அதிர்வுகளை வலுவாக்கி, வேறு சிலவற்றை மங்கச் செய்கின்றன. அந்தக் குழிவுகளின் நீளமும் வடிவமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், அவற்றின் வழியே வெளிவரும் ஒலியும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஆகவே ஒரு குரல்பதிவு, குறிப்பிட்ட ஓர் உடலின் உள்வடிவத்தையே ஒலியாகச் சுமந்து வருகிறது.

இதைக் கேட்பதற்கென்றே மூளையில் தனிப்பகுதிகள் உள்ளன. இரு பக்கமும் காதுகளுக்கு மேலே, பொட்டுமடலின் மேற்பள்ளத்தை ஒட்டியுள்ள இப்பகுதிகள் மற்ற ஒலிகளைவிட மனிதக் குரலுக்குக் கூடுதலாகத் துலங்குகின்றன என்பதை, பாஸ்கல் பெலினும் ராபர்ட் ஸட்டோரேயும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். சொற்களே இல்லாத சிரிப்பும் இருமலும்கூட இப்பகுதிகளைத் தூண்டின. கொரிய மொழி ஒரு சொல்லும் அறியாத ரசிகர் ஒருவர், பாடல் தொடங்கிய கணத்திலேயே 'இது அவர்தான்' என்று உணர்ந்து உடைந்துபோவது இதனால்தான். சொல்லின் பொருளைப் பிரித்தறியும் வேலையும், ஆளை அடையாளம் காணும் வேலையும் மூளையில் பெருமளவு தனித்தனி வழிகளில் நடக்கின்றன.

ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் இந்த அடையாள உணர்வை மேலும் கூர்மையாக்குகிறது. துயரத்தில் இசை கேட்பதைப் பற்றிப் பேசுவோர் பலரும் பாடல் வரிகளோடு நின்றுவிடுகிறார்கள்; மைக்கையும் ஹெட்ஃபோனையும் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகர், மைக்கிலிருந்து பெரும்பாலும் ஒரு சாண் தொலைவுக்குள் நின்றே பாடுகிறார். உதடுகள் பிரியும் ஓசை, வரிக்கு முன் இழுக்கும் மூச்சு, சொல்லின் முடிவில் கரையும் காற்று ஆகிய அனைத்தும் அதில் பதிவாகின்றன. பின்னர், உரத்த ஒலியைத் தணித்து மெல்லிய ஒலியை உயர்த்தும் கருவிகளின் வழியே குரல் செலுத்தப்படுவதால், ஒரு முணுமுணுப்புகூடப் பல வாத்தியங்களுக்கு நடுவே தெளிவாகக் கேட்கிறது. அன்றாட வாழ்வில் இன்னொருவரின் மூச்சொலி இவ்வளவு துல்லியமாக நம் காதில் விழுவது, அவர் நம்மை அணைத்திருக்கும்போதோ நம் தோளில் சாய்ந்திருக்கும்போதோதான். மூச்சு இவ்வளவு அருகில் கேட்டால் ஆளும் அருகில் இருக்கிறார் என்பதே மூளை பழகிய கணக்கு.

ஹெட்ஃபோன் அணிந்தால் இன்னொன்றும் நிகழ்கிறது. ஓர் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை, அது இரு காதுகளையும் அடையும் நேர வேறுபாடு, வலிமை வேறுபாடு, காதுமடலின் மடிப்புகள் அதில் செய்யும் மாற்றங்கள் ஆகியவற்றைக் கொண்டு மூளை கணிக்கிறது. பாடகரின் குரல் வழக்கமாக இரு பக்கங்களிலும் ஒரே அளவில் ஒலிக்குமாறு அமைக்கப்படுகிறது. ஹெட்ஃபோனிலோ காதுமடல்களும் தலையும் செய்யும் இயல்பான வடிகட்டல் இல்லாமல் போகிறது. வெளியே எந்தத் திசையையும் கண்டறிய இயலாத மூளை, அந்த ஒலியைத் தலைக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது. துயரத்தில் இருப்பவர் இரவில் ஹெட்ஃபோனில் கேட்கும் குரல், உணர்வளவில் அவருடைய தலைக்கு நடுவிலிருந்தே எழுகிறது. நேரில் பேசும் எவருடைய குரலும் நமக்கு அப்படிக் கேட்பதில்லை.

ஜோங்ஹியூனைப் பொறுத்தவரை, இந்த நெருக்கத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 2014 பிப்ரவரி முதல் 2017 ஏப்ரல் வரை எம்பிசி வானொலியில் நள்ளிரவுக்குப் பின் ஒலித்த 'ப்ளூ நைட்' நிகழ்ச்சியை அவரே நடத்தினார். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தூக்கம் வராத மாணவர்களும் பணிமுடிந்து திரும்புவோரும் அவருடைய பாட்டை மட்டுமன்றிப் பேச்சையும் கேட்டுவந்தார்கள். ஊடகத்தில் மட்டுமே தெரிந்த ஒருவரோடு கேட்பவர் மனத்தில் உருவாகும் ஒருவழி உறவைப் பற்றி, டொனால்ட் ஹார்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இலேயே எழுதினார்கள். அந்த உறவு ஒருவழியானது என்பதால் அதன் இழப்பு பொய்யாகிவிடாது. குரலையும் முகத்தையும் பழக்கமாக்கிக்கொண்டு, அவற்றோடு பாதுகாப்பு உணர்வைப் பிணைக்கும் மூளை அமைப்புகள், எதிரே இருப்பவர் நம்மை அறிவாரா என்று பார்த்துவிட்டு இயங்குவதில்லை. 'யாரோ ஒரு பாடகருக்காகவா இவ்வளவு அழுகை' என்று சுற்றியிருப்பவர்கள் கேட்கும்போது, துயரம் தணிவதற்குப் பதிலாகப் பகிர ஆளின்றி உள்ளேயே தங்கிவிடுகிறது. சமூகம் ஏற்க மறுக்கும் இத்தகைய துயரத்தைக் கென்னத் டோக்கா 1989இல் தனி வகையாகவே விளக்கினார். அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள், தாங்கள் விளைவிக்கும் காயத்தின் அளவை அறிவதில்லை என்றே நான் நினைக்கிறேன்.

துயரப்படும் மூளைக்கு உண்மையில் என்ன சிக்கல்? இறப்புச் செய்தியை அது ஒரே நாளில் அறிந்துகொள்கிறது; ஆனால் இறந்தவரை எதிர்பார்ப்பதை ஒரே நாளில் நிறுத்துவதில்லை. நார்வேயில் மோசர் இணையரின் ஆய்வகத்தில் எலிகளைக் கொண்டு நடந்து, 2013இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே உதவும். எலி உலவும் பெட்டியில் ஒரு பொருள் வைக்கப்பட்டுப் பின்னர் அகற்றப்பட்டது. அகற்றிய பின்பு, அந்தப் பொருள் முன்பிருந்த வெற்றிடத்துக்கு எலி வரும்போதெல்லாம் சில நரம்பணுக்கள் துடித்தன. நாட்கள் பல சென்ற பின்னும் அது தொடர்ந்தது. இருந்தது இப்போது இல்லை என்பதையும் மூளை ஒரு தகவலாகவே குறித்துவைக்கிறது. மனிதத் துயரத்தை ஆராய்ந்துவரும் மேரி-பிரான்சிஸ் ஓ'கானர் இதை ஒட்டி ஒரு கருத்தை முன்வைக்கிறார்: நாம் நேசிப்பவர் எங்கோ இருக்கிறார், மீண்டும் வருவார் என்ற ஆழ்ந்த எதிர்பார்ப்பு ஒருபுறமும், அவர் இறந்தார் என்ற நிகழ்வு நினைவு மறுபுறமும் மூளையில் ஒரே வேளையில் இயங்குகின்றன, இரண்டும் முரண்படுவதால்தான் துயரம் இவ்வளவு நீள்கிறது.

இவ்விடத்தில்தான் மறைவுக்குப் பின் வரும் இசைத்தொகுப்பு தனித்து நிற்கிறது. இனி இவரிடமிருந்து புதிதாக எதுவும் வராது என்பதை மூளை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஏமாற்றத்தின் வழியே, மெல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பாடம் தொடங்கி ஐந்தே வாரங்கள் ஆகியிருந்த நிலையில், அதே குரலில், அதே நெருக்கத்தில், புதிய பாடல்கள் வந்து சேர்கின்றன. பழைய எதிர்பார்ப்புக்கே அவை சான்றாக அமைகின்றன. கேட்கும்போது பெருகும் மகிழ்ச்சியும், பாடல் முடிந்தவுடன் மரணச் செய்தியை மறுபடியும் முதன்முறையாகக் கேட்டதுபோல் தாக்கும் வலியும் இதன் விளைவுகள் என்று கருத இடமுண்டு.

அந்த மகிழ்ச்சிக்கும் விளக்கம் உண்டு. தமக்குச் சிலிர்ப்பூட்டும் இசையைக் கேட்பவர்களின் மூளையில், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை வலோரி சலிம்பூரும் ஸட்டோரேயும் அவர்களுடைய குழுவினரும் 2011இல் காட்டினார்கள். பாடலின் உச்சம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போது மூளையின் ஒரு பகுதியிலும், உச்சம் வந்தடையும்போது நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற வேறொரு பகுதியிலும் அது சுரந்தது. முதன்முறை கேட்கும் பாடல்களை வைத்து 2013இல் அவர்கள் செய்த ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. புதிய பாடல் ஒன்றை ஒருவர் எவ்வளவு விலை கொடுத்து வாங்குவார் என்பது, நியூக்ளியஸ் அக்கும்பென்சுக்கும் ஒலிகளைப் பகுத்தறியும் மூளைப் பகுதியான செவிப்புலப் புறணிக்கும் இடையிலான தொடர்பின் வலிமையைப் பொறுத்திருந்தது. அதுவரை கேட்ட இசையனைத்தும் செவிப்புலப் புறணியில் படிந்து வார்ப்புகளாக இருக்கின்றன. புதிய பாடலை மூளை அவற்றின் துணையோடே எடைபோடுகிறது. பத்து ஆண்டுகளாக ஜோங்ஹியூனைக் கேட்டவருக்கு அவருடைய குரல் எங்கே ஏறும், எங்கே நடுங்கும், எங்கே மூச்சுக்கு நிற்கும் என்பதெல்லாம் முன்பே தெரியும். எனவே, அந்த 11 பாடல்களும் அவருக்குப் புதியவையாகவும் பாதி தெரிந்தவையாகவும் ஒருங்கே ஒலித்திருக்கும்.

இதே நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் துயரத்திலும் தலைகாட்டுகிறது. தாயையோ சகோதரியையோ மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெண்களுக்கு, இறந்தவரின் படங்களைக் காட்டி ஓ'கானர் 2008இல் ஆய்வு செய்தார். துயரத்தில் சிக்கி மீள இயலாதவர்களிடம் மட்டும் அந்தப் பகுதி கூடுதலாகத் துலங்கியது. ஏக்கம் எவ்வளவு மிகுந்ததோ அவ்வளவு துலக்கமும் மிகுந்தது. ஏங்குவது என்பது வெறும் வலி அன்று, கிடைக்கப்போவதை நோக்கிய இழுப்பும் அதில் கலந்திருக்கிறது. ஒரே பாடலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும் விரலை இயக்குவதும் இந்த இழுப்பாக இருக்கலாம்.

பழைய பாடல்களுக்கு வாழ்க்கை நினைவுகள் உண்டு. ஷைனி குழு அறிமுகமான 2008ஆம் ஆண்டின் முதல் பாடலைக் கேட்கும் ஒருவருக்குப் பள்ளிக்கூடப் பேருந்தும் பழைய தோழிகளும் நினைவுக்கு வரலாம். இசையையும் சொந்த வாழ்வின் நினைவுகளையும் இணைப்பதில் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையின் நடுப்பகுதி பங்காற்றுவதைப் பீட்டர் ஜனாட்டா 2009இல் விளக்கினார். மறைவுக்குப் பின் வந்த பாடலுக்கோ அத்தகைய முன்நினைவு ஏதும் கிடையாது. அது பிணையக்கூடிய ஒரே காலம், துக்கம் காத்த அந்த வாரங்கள்தான். அதனால்தான் துள்ளலான தாளம் கொண்ட முதன்மைப் பாடல்கூட, பல ரசிகர்களுக்குத் துயரத்தின் பாடலாகவே பதிந்துபோனது.

வரிகளைத் துருவித் துருவி மரணத்தின் முன்னறிகுறிகளைத் தேடும் பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜோங்ஹியூனின் மரணம் தற்கொலை என்பதால் இந்தத் தேடல் அவருடைய ரசிகர்களை மிகவும் வருத்தியது. முடிவு தெரிந்தபின், அது முன்பே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும் பிழையை பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இலேயே சோதனைகள் மூலம் காட்டியிருக்கிறார். காதல் பிரிவுக்கு எழுதிய ஒரு வரியும் இப்போது விடைபெறும் வரியாகத் தெரியும். பாடல் மாறவில்லை, கேட்பவரின் அறிவு மாறியிருக்கிறது. 'நான் கவனித்திருக்கலாமே' என்ற குற்றவுணர்வை இந்தப் பிழைதான் ஊட்டி வளர்க்கிறது. ரசிகர்கள் அதைத் தங்கள் மேல் ஏற்றிக்கொள்ளவே கூடாது. அந்த எண்ணம் ஒருவரைத் தன் உயிரை வெறுக்கும் அளவுக்கு அழுத்தினால், பாடலை நிறுத்திவிட்டு உடனே ஒருவரிடம் பேச வேண்டும். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்களில் உதவி கிடைக்கும்.

அப்படியானால் துயரத்தில் கேட்பது நல்லதா? ஒரே விடை இல்லை. சோக இசையைப் பற்றி லிலா தருஃபியும் ஸ்டெஃபான் கெல்ஷும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அது எழுப்பும் உணர்வாக மிகுதியானோர் குறிப்பிட்டது சோகத்தை அன்று, பழையதை எண்ணி ஏங்கும் இனிய நினைவைத்தான். மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த விளக்கத்தின்படி, துயரப்படுபவர் இழப்பை எதிர்கொள்வதற்கும் அன்றாட வாழ்வைச் சீர்செய்வதற்கும் இடையே ஊசலாடுவதே இயல்பு. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு தொகுப்பு இந்த ஊசலாட்டத்துக்கு உதவுகிறது: அழுவதற்கு ஓர் எல்லை கிடைக்கிறது, முடிந்ததும் எழுந்து வேலையைப் பார்க்கலாம். ஊசல் ஒரே பக்கத்தில் மாதக்கணக்கில் நின்றுவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆறு மாதங்களுக்கும் மேலாக, அன்றாட வாழ்வையே முடக்கும் அளவுக்கு ஏக்கம் நீடித்தால், அதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் சிகிச்சைக்குரிய நிலையாகக் கொள்கிறது.

நினைவு மீண்டும் எழுப்பப்படும்போது சிறிது நேரம் இளகி, மாற்றத்துக்கு இடம்கொடுத்து மீண்டும் உறைகிறது என்று கரீம் நாடரின் குழு 2000இல் எலிகளில் கண்டது. மனிதர்களிடம் இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற விவாதம் தொடர்ந்தாலும், ஒரு பாடலை வேறு சூழலில், வேறு மனிதர்களோடு கேட்டால் அதன்மேல் புதிய நினைவுகள் படியும் என்பதில் ஐயமில்லை. இசைத்தொகுப்பின் வருமானம் ஜோங்ஹியூனின் தாயாரிடம் ஒப்படைக்கப்பட்டு, அதைக் கொண்டு 2018இல் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. இளம் கலைஞர்களுக்கும் அவர்களுடைய மனநலத்துக்கும் துணைநிற்கும் அந்த அறக்கட்டளை நடத்தும் கலைவிழாவில் அவருடைய பாடல்களை மற்றவர்கள் பாடுகிறார்கள். அங்கே கேட்பவரின் மூளைக்கு மெட்டு தெரிந்ததாகவும் குரல் வேறொருவருடையதாகவும் வந்து சேர்கிறது. ஐந்து வாரத் துக்கத்தில் ஒன்றாக இறுகிப்போன பாட்டும் குரலும் அதனால் தனித்தனியே கேட்கத் தொடங்குகின்றன.