கடலில் கேட்ட குரல்: ஒரு மனநல மருத்துவரின் அனுபவம்

சில மாதங்களுக்கு முன், ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்கு அருகிலுள்ள கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வளைகுடா நாடொன்றில் பங்குக் கூலிக்கு மீன்பிடிக்கச் சென்று 14 மாதம் கழித்து ஊர் திரும்பிய அந்த இளைஞர், இரவெல்லாம் உறங்காமல் வாசலில் அமர்ந்து, யாருக்கோ பதில் சொல்வதுபோல் முணுமுணுத்துக் கொண்டிருந்தார். "டாக்டரம்மா, நடுக்கடல்ல ஒருத்தன் தனியா மாட்டிக்கிட்டுப் பைத்தியமாகுற படம் டிவியில போட்டாங்க. இவனும் அதே மாதிரி இருக்கான். எதுவும் பண்ணிருவானோன்னு மகளைப் பக்கத்து வீட்டுல படுக்கச் சொல்லிட்டேன்" என்றார் தாய். மகன் தலை நிமிரவே இல்லை.

கடல் தனிமையை வைத்து எடுக்கப்படும் உளவியல் திகில் படங்களில் ஓர் உண்மை இருக்கிறது. வெளியிலிருந்து புதிதாக எதுவும் வந்து சேராதபோது, மூளை தானே காட்சிகளையும் ஒலிகளையும் உண்டாக்கிக்கொள்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்டு ஹெப்பின் குழுவினர் 1950களில் மாணவர்களைக் கண்ணும் காதும் கையும் மறைத்துத் தனி அறையில் படுக்க வைத்தபோது, நல்ல கூலி கொடுத்தும் பெரும்பாலோரால் சில நாள்களுக்கு மேல் தாங்க முடியவில்லை. பலருக்கு இல்லாத உருவங்கள் தெரிந்தன. கடலிலோ இதனுடன் தூக்கமின்மையும் தாகமும் சேர்கின்றன. கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு இருப்பதால், அதைக் குடித்தவரின் சிறுநீரகம் உப்பை வெளியேற்ற உடலிலுள்ள நீரையே செலவழிக்கிறது. அதன் விளைவாக வரும் மனக்குழப்பம் உடல்நோயின் அறிகுறி, உடனே மருத்துவம் பார்க்க வேண்டிய நெருக்கடி. அதைக் காத்துக் கருப்பு என்று சொல்லி ஒருநாள் கடத்தினாலும் உயிருக்கு ஆபத்து.

தனியாகவே பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோக்கம், 1895இல் அசோர்ஸ் தீவுகளைக் கடந்ததும் வயிற்று வலியால் சுருண்டு கிடந்த இரவில், கொலம்பசின் பிண்டா கப்பலின் மாலுமி வந்து தம் படகைச் செலுத்தியதாகக் கண்டார். உடல் தேறியதும் பயணத்தைத் தொடர்ந்து, 1898இல் நலமாக ஊர் திரும்பினார். ஆகவே, கடலில் ஓர் உருவத்தைக் கண்டவர் எல்லாம் மனநோயாளி ஆகிவிடுவதில்லை.

படங்கள் பிழை செய்யும் இடம் வேறு. அவை தண்ணீரையும் தனிமையையும் குற்றவாளியாக்குகின்றன. பாதிக்கப்பட்டவரைக் கொலைகாரராகக் காட்டுகின்றன. என் அனுபவத்தில் இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் பிறரைத் தாக்குபவர்கள் அல்லர், பயந்து ஒடுங்கியவர்கள். மனம் உடைவதற்கும் பெரும்பாலும் காரணமாயிருப்பது, கரையில் இருப்பவர்களிடம் சொல்ல முடியாத ஏதோ ஒன்று.

1968இல் இங்கிலாந்தில், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டி ஒன்று தொடங்கியது. ஒன்பது பேரில் முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. 312 நாள் கடலில் இருந்தும் தெளிவான மனத்துடன் திரும்பினார். அதே போட்டியில் கலந்துகொண்ட டொனால்டு குரோஹர்ஸ்ட், பயணத்தை இடையில் கைவிட்டால் படகுக்குச் செலவிட்டவரிடமிருந்து அதைத் தாமே விலைக்கு வாங்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் சிக்கியிருந்தார். படகு ஒழுகியது, முன்னே போக முடியாது, திரும்பவும் முடியாது. தென் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, வேறெங்கோ இருப்பதாக வானொலியில் பொய்யிடங்களைச் சொல்லிவந்தார். 1969 ஜூலை 10இல் அவர் படகு ஆளில்லாமல் மிதந்தது. அதிலிருந்த குறிப்பேடுகளில் கடைசி நாள்களின் எழுத்து குழம்பிப்போயிருந்தது. இருவருக்கும் இருந்தது ஒரே தனிமைதான். பொய்யின் சுமை மட்டும் ஒருவருக்கே இருந்தது.

நம் இளைஞருக்கும் அதுவே நேர்ந்திருந்தது. மூன்றாவது சந்திப்பில்தான் வாய் திறந்தார். வட்டிக்கு வாங்கி முகவருக்குப் பணம் கட்டிப் போன இடத்தில் மீன்பாடு இல்லை, பங்கு கிடைக்கவில்லை, கடவுச்சீட்டு படகுக்காரரிடம் இருந்தது. வீட்டிலிருந்து போன் வரும்போதெல்லாம் முதல் கேள்வி "பாடு எப்படிப்பா?" என்பதே. நல்ல பாடு என்று சொல்லிவிட்டு, உடன் வேலை செய்தவர்களிடம் கடன் வாங்கி ஊருக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு நாளில் நான்கு மணி நேரம் தூங்கினாலே அதிகம். எட்டாம் மாதத்தில், இன்ஜினை நிறுத்தியதும் இறந்துபோன தந்தையின் குரல் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

சரக்குக் கப்பல் மாலுமிகளுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கூறுகிறது. மீன்பிடிப் படகுகள் அந்த உடன்படிக்கைக்குள் வரவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

கரைக்கு வந்து நன்றாக உண்டு உறங்கியபின் குரல்கள் அடங்கிவிட்டால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு வாரம் கடந்தும் தூக்கம் வராமல் இருந்தாலோ, குரல் தொடர்ந்தாலோ, கூட வந்தவர்கள் சோற்றில் விஷம் வைத்தார்கள் என்பது போன்ற சந்தேகங்கள் வலுத்தாலோ, மருத்துவரிடம் வர வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அரசின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மருத்துவமும் கிடைக்கும்.

இந்த மாவட்டத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது. தர்காவிலோ கோயிலிலோ மாதா சன்னதியிலோ வேண்டிக்கொள்வதை நான் தடுப்பதில்லை. வேண்டுதலோடு மாத்திரையும் நடக்கட்டும், கட்டிப்போட மட்டும் வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இளைஞர் இப்போது மாத்திரை எடுத்துக்கொண்டு, காலையில் போய் மாலையில் திரும்பும் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். கடன் விவரம் முழுவதையும் என் அறையில் வைத்துத்தான் தாயிடம் சொன்னார். அழுது முடித்த தாய் கேட்டது ஒன்றே: "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாய்யா?" மகள் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். தாயின் தங்கை மகன் ஒருவர் இன்னும் வளைகுடாவில் இருக்கிறார். போன மாதம் தாய் என்னைப் பார்க்க வந்தபோது, அவரிடம் இப்போதெல்லாம் முதலில் "ராத்திரி தூங்குனியாப்பா?" என்றுதான் கேட்பதாகச் சொன்னார்.