அத்தையோட பச்சைக் கோடும் அமெரிக்க எலியும்

போன வாரம் திருச்சியிலருந்து அத்தை போன் பண்ணாங்க, "டேய், நீதான் சயின்ஸ் எல்லாம் எழுதுறியே, இதுக்குப் பதில் சொல்லு பாப்போம்"னு. அவங்க மளிகை வாங்குற சூப்பர்மார்க்கெட்டும் ஒரு பேங்க்கும் சேர்ந்து கிரெடிட் கார்டு குடுத்திருக்காங்க. அந்தக் கடையில 10 ரூபாய்க்கு வாங்குனா 1 பாயிண்ட், 2,500 பாயிண்ட் சேந்தா 500 ரூபா வவுச்சர். ஆப்ல ஒரு பச்சைக் கோடு இருக்கும், வாங்க வாங்க நீளும். "மாசம் பூரா கணக்குப் பாத்துதான்டா வாங்குறேன், அந்தக் கோடு முடியப்போற நேரத்துல மட்டும் கை நிக்க மாட்டேங்குது. 80 பாயிண்ட்தான் பாக்கின்னு ரெண்டு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் நல்லெண்ணெய், அரை கிலோ கடுகு வாங்கிட்டு வந்துட்டேன். வீட்ல எல்லாமே இருக்கு. அரை கிலோ கடுகை நான் எந்த ஜென்மத்துல தாளிச்சு முடிக்கிறது?"

நல்ல கேள்வி. இதுக்குப் பதில் ஒரு எலிகிட்ட இருக்கு, ஆனா முதல்ல காசு எங்கருந்து வருதுன்னு சட்டுனு பாத்துடலாம். கிரெடிட் கார்டுல 100 ரூபா தேய்ச்சா கடைக்காரர் கைக்கு சுமாரா 98தான் போகும். மிச்ச 2 ரூபாயில பெரிய பங்கு கார்டு குடுத்த பேங்க்குக்கு, கொஞ்சம் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மாதிரி நெட்வொர்க்குக்கு, கொஞ்சம் கடையில மெஷின் வச்ச பேங்க்குக்கு. நம்ம பாயிண்ட் எல்லாம் அந்தப் பெரிய பங்குலருந்து கிள்ளிக் குடுக்குறதுதான். 2020 ஜனவரிலருந்து நாம அக்கவுன்ட்லருந்து அனுப்புற யுபிஐக்கு இந்தக் கமிஷன் கிடையாது, அதனாலதான் அதுல இந்த மாதிரி பாயிண்ட் மழை பெய்யுறதில்ல. சரி, 2 ரூபாதான் வருதுன்னா 2018ல வந்த அமேசான் ஐசிஐசிஐ கார்டு, அமேசான்ல சந்தா கட்டுன பிரைம் ஆளுங்களுக்கு 5 சதவீதம் திருப்பிக் குடுத்துச்சே எப்படின்னா, மிச்சத்தை விளம்பரச் செலவா நெனச்சு கடையே போடும், பேப்பர்ல முழுப்பக்க விளம்பரம் குடுக்குறத விட அத்தை திரும்பத் திரும்ப அதே கடைக்கு வர்றது அவங்களுக்கு லாபம். இன்னொரு வருமானம் வட்டி. மாசம் 3.5 சதவீதம்னா வருஷத்துக்கு 42, கந்துவட்டிக்காரன் பக்கத்துல உக்காரலாம். மொத்த பில்லையும் ஒரே ஒரு மாசம் பாக்கி வச்சாலே அதுல சேத்த பாயிண்ட்டோட மதிப்பை விட வட்டி ஜாஸ்தியா போயிடும்.

கார்டை நீட்டுறப்ப நோட்டு எண்ணிக் குடுக்குற அந்தச் சின்ன வலி இருக்காதுங்கறது உங்களுக்கே தெரியும். இதை அமெரிக்காவுல எம்ஐடி யூனிவர்சிட்டியில பிரெலெக், சிமெஸ்டர்னு ரெண்டு பேர் 2001ல காட்டியிருக்காங்க, கூடைப்பந்து மேட்ச் டிக்கெட்டை ஏலம் விட்டா கார்டுல கட்டலாம்னு சொல்லி வச்ச குரூப், ரொக்கமாத்தான் கட்டணும்னு சொல்லி வச்ச குரூப்பை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விலை கேட்டுருக்கு. ஆனா இது அத்தை கேள்விக்குப் பதில் இல்ல, ஏன்னா மாசம் முழுக்க அவங்க கையில அதே கார்டுதான், கடைசியில மட்டும் ஏன் கை பரபரக்குது?

இப்ப எலி. 1930கள்ல அமெரிக்காவுல யேல் யூனிவர்சிட்டியில கிளார்க் ஹல்னு ஒருத்தர் நீளமா நேரா ஒரு பாதை செஞ்சு, ஒரு முனையில எலி, மறு முனையில தீனி வச்சு, நடுவுல துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொரு துண்டையும் எலி எவ்ளோ நேரத்துல கடக்குதுன்னு அளந்தார். ஆரம்பத்துல சாவகாசமா போற எலி தீனி கிட்ட வர வர வேகம் எடுக்குது. அவ்ளோதான் சங்கதி. இன்னைக்கு யாராவது "எலி ஓடுறத அளக்கப் பணம் குடுங்க"ன்னு அப்ளிகேஷன் போட்டா கமிட்டியில சிரிச்சே அனுப்பிடுவாங்க, அதுவே இந்தக் கார்டு வியாபாரத்தோட அடித்தளத்துல கெடக்கு, அதனாலதான் உடனடிப் பயன் என்னன்னு கேக்குற கேள்வியப் பாத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

எலிய விடுங்க, திருச்சியிலருந்து மெட்ராஸ் வர்ற பஸ்ஸைப் பாருங்க. விழுப்புரம் வரை வாயத் தொறந்துட்டு தூங்குற ஆளு, செங்கல்பட்டு தாண்டுனதும் பையை எறக்கி மடியில வச்சுப்பாரு. பஸ் போற வேகம் என்னமோ அதேதான்!

2006ல கொலம்பியா யூனிவர்சிட்டியில கிவெட்ஸ்ங்கறவரும் கூட்டாளிகளும் இதையே காபிக் கடையில செஞ்சு பாத்தாங்க. 10 காபி வாங்கி 10 முத்திரை குத்திக்கிட்டா ஒரு காபி இலவசம். முத்திரை ஏற ஏற ஒரு காபிக்கும் அடுத்த காபிக்கும் நடுவுல உள்ள இடைவெளி சுருங்கிக்கிட்டே வருது, இலவசக் காபி குடிச்சு முடிச்சு புது அட்டை வாங்குனா மறுபடி ஆமை வேகம், மறுபடி ஓட்டம். அட்டை இல்லாதவங்கள விட அட்டை வச்சிருக்கவங்க கடைக்காரங்கள பாத்து சிரிக்கிறதும் நன்றி சொல்றதும் கூட ஜாஸ்தின்னு எழுதியிருக்காங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் அது.

அப்புறம்தான் சூட்சுமமே. சிலருக்கு 10 கட்டம் போட்ட காலி அட்டை, சிலருக்கு 12 கட்டம் போட்டு 2 ஏற்கனவே குத்துன அட்டை. ரெண்டுலயும் வாங்க வேண்டியது அதே 10 காபி. காலி அட்டைக்காரங்க முடிக்க சராசரியா 15.6 நாள், ரெண்டு முத்திரை ஓசியில வாங்குனவங்களுக்கு 12.7 நாள்! நம்ம மூளை பாக்கி எத்தனைன்னு எண்ணல, மொத்தத்துல பாக்கி எவ்ளோ பங்குன்னு பாக்குது. 10க்கு 10 பாக்கின்னா மலை மாதிரி முழுசா நிக்குது, 12க்கு 10 பாக்கின்னா ஏற்கனவே கொஞ்சம் ஏறிட்ட மலை. அதே வருஷம் நூன்ஸ், ட்ரேஸ்னு ரெண்டு பேர் கார் கழுவுற எடத்துல இதே வித்தையைப் பண்ணாங்க. 8 கட்டக் காலி அட்டையை முடிச்சவங்க 19 சதவீதம், 10 கட்டத்துல 2 குத்திக் குடுத்தப்ப 34 சதவீதம். செலவு என்னன்னா ரப்பர் ஸ்டாம்ப் மை.

நானும் யோக்கியன் இல்ல. வருஷம் 1 லட்சம் செலவு பண்ணா 499 ரூபா கட்டணம் தள்ளுபடின்னு ஒரு கார்டு வச்சிருந்தேன், ஜிஎஸ்டியோட 588 ரூபா 82 காசு. வருஷம் முடிய ரெண்டு வாரம் இருக்கப்ப 6,200 ரூபா குறையுதுன்னு மெசேஜ் வந்துச்சு, வீட்ல நல்லா ஓடிக்கிட்டிருந்த மிக்ஸிக்கு மாத்தா புது மிக்ஸி வந்துருச்சு. பழசு பரண்ல இருக்கு. அட்சய திருதியைக்கு நகைக்கடை வாசல்ல வரிசையில நிக்குறவங்கள நான் கிண்டல் பண்ணுவேன், நாள் பாத்து வாங்குனா பெருகும்ங்கறது மூடநம்பிக்கைன்னு, இதுல எனக்கு இப்பவும் சந்தேகமில்ல, ஆனா மார்ச் 31க்குள்ள வாங்குனா லாபம்னு ஓடுன என்னையும் அந்த வரிசையிலதான் நிப்பாட்டணும்.

இதெல்லாம் அத்தைகிட்ட சொல்லிட்டு, "கார்டு வாங்குனப்ப ஆரம்பத்துலயே எதாச்சும் பாயிண்ட் போட்டுக் குடுத்தாங்களா?"ன்னு கேட்டேன்.

"ஆமாடா, வெல்கம் போனஸ் 500. கவுன்டர்ல இருந்த பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு, நானும் தேங்க்ஸ் சொன்னேன்."

"அப்ப 2,500 இலக்கு, 500 இனாம். 2,000 இலக்கு, இனாம் இல்லன்னு சொல்லியிருந்தா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ரெண்டும் ஒண்ணுதானேடா"ன்னாங்க.

"ஒண்ணுதான் அத்தை."

"படுபாவிங்க. சரி, அடுத்த வாட்டி ஊருக்கு வர்றப்ப ஒரு டப்பா எடுத்துட்டு வா, கடுகு தர்றேன்."