காத்தாடியை விடுங்கள், ரோட்டைப் பாருங்கள்

போன கார்த்திகையில் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் என் ஜீப்பை மறித்தார்கள். கண்மாய் மூன்றாவது வருடமாக நிறையவில்லை. "மேகம் நல்லாத்தான் கூடி வருது சார். இந்தக் காத்தாடி றெக்கை வெட்டி வெரட்டிவிட்டுருது" என்றார் ஒரு பெரியவர். என்னோடு வந்திருந்த காற்றாலைக் கம்பெனி ஆள் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெரியவர் சொன்ன காரணம் தப்பு, சொன்ன புகார் சரி. சிரித்தவருக்கு இரண்டுமே தெரியவில்லை.

காற்றாலைகளுக்கு ரோடும் அஸ்திவாரமும் போடுகிற சிவில் இஞ்சினியர் நான். வீடு மதுரையில், பிழைப்பு தேனி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பொட்டல்களில். இந்த மேகம் வெட்டும் கதையை எத்தனை ஊரில் கேட்டேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

சரி, அதை முதலில் முடித்துவிடுவோம். இப்போது நிறுத்தும் கோபுரங்கள் 120 முதல் 140 மீட்டர் உயரம். றெக்கை நுனி மேலே போனால் 200 மீட்டர் வரும். நம் பக்கத்து மழை மேகங்களுக்கு அடிவயிறே பெரும்பாலும் அரை கிலோமீட்டருக்கு மேல்தான். இடிமழை மேகத்தின் உச்சி 10 கிலோமீட்டரைத் தாண்டும். முறத்தால் வீசி யானைமலையை நகர்த்த முடியுமென்றால் இதுவும் முடியும்.

அப்புறம் மாதக் கணக்கைப் பாருங்கள். காத்தாடி வெறிகொண்டு சுற்றுவது வைகாசியிலிருந்து புரட்டாசி வரை, தென்மேற்குக் காற்றில். நம் கண்மாய்கள் நிறைவதோ ஐப்பசி, கார்த்திகை மழையில். அந்த நேரத்தில் முக்கால்வாசி நாள் காத்தாடி சோம்பிக் கிடக்கும். நின்றுகொண்டிருக்கும் றெக்கை எதை வெட்டும்? தென்மேற்கு மழையை மேற்குத்தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே கறந்துகொள்கிறது. கம்பம் கணவாய் வழியே நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் சக்கைக் காற்று. மழை குறைந்து காற்று மிகுந்த பொட்டலைத் தேடித்தான் காற்றாலை வருகிறது. வந்தபின் ஊர் ஆட்கள் அதைத் திருப்பிப் படிக்கிறார்கள்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? தமிழ்நாட்டில் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் வந்தது. அதே மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. மதுரைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற சராசரியைவிட அது அதிகம். எந்தக் காத்தாடியும் குறுக்கே வந்து நிற்கவில்லை.

இதையெல்லாம் அன்று ரோட்டில் நின்று சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எங்க தண்ணி எங்க சார் போச்சு?" என்றார்.

சரியான கேள்வி. அவர் அந்தக் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக, அதாவது மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுபவராக இருந்தவர். "வாங்கய்யா, கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால எனக்குக் காட்டுங்க" என்று அவர் பின்னால் நடந்தேன். ஒன்றரைக் கிலோமீட்டர் போவதற்குள் விடை கிடைத்துவிட்டது. காற்றாலைக்குக் கிரேன் போக கிராவல் கொட்டி இடுப்பளவு உயரத்துக்கு ரோடு போட்டிருந்தார்கள், வரத்துக்காலுக்குக் குறுக்கே. அடியில் ஒரே ஒரு குழாய், ஓரடி விட்டம். அதன் வாயில் கருவேல முள்ளும் பாலிதீன் பையும் அடைத்துக் கிடந்தன. மேல்பக்கத்தில் ஒருவருடைய சோளம் முழங்கால் தண்ணீரில் அழுகிக்கொண்டிருந்தது. மிச்சத் தண்ணீர் ரோட்டை ஒட்டியே ஓடி வேறோர் ஓடையில் விழுந்து அடுத்த ஊர் எல்லைக்குப் போயிருந்தது. மழை பெய்திருக்கிறது, தண்ணீரைத் தடுத்தது ரோடு.

எங்கள் தொழிலில் இந்தத் தப்பு எப்படி நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், முதல் வேலையில் நானே செய்தவன். சர்வே எடுப்பது மாசி, பங்குனியில். அப்போது வரத்துக்கால் ஆடு நடக்கும் தடம்போலக் கிடக்கும், சேட்டிலைட் படத்தில் வண்டிப்பாதையாகத்தான் தெரியும். சர்க்கார் நில அளவைப் படமான புலப்படத்தில் ஓடைப் புறம்போக்கு என்று தெளிவாக இருக்கும், அதை யாரும் விரிப்பதில்லை. காற்றுக் காலத்துக்குள் மெஷின் ஓட வேண்டுமே என்ற அவசரம். அன்று எனக்கும் ஒரு நீர்ப்பாய்ச்சியைக் கேட்கத் தோன்றவில்லை.

கம்பெனிக்காரர்களே, 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி காற்றாலைக்கு முன் அனுமதி வேண்டியதில்லை, அதனால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக ஊரைக் கேட்காமல் விடலாமா? மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல் வீட்டுக்கும் காற்றாலைக்கும் நடுவே 500 மீட்டர் விடச் சொல்கிறது, சத்தத்துக்காக. அதை டேப் வைத்து அளக்கிறீர்கள். ஓடைக்கும் அந்த அக்கறையைக் காட்டுங்கள். குழாய் போடுவதென்றால் மூன்றடி விட்டத்துக்குக் குறையாமல் போடுங்கள், அதற்குக் குறைந்தால் உள்ளே இறங்கி மண் அள்ள ஆளால் முடியாது. அகலமான ஓடை என்றால் குழாயே வேண்டாம், தரைப்பாலம் போடுங்கள். வெள்ளம் மேலே ஏறிப் போகட்டும், வருடத்துக்கு நாலு நாள் உங்கள் ஜீப் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகாது. கிரேன் போனபின் அந்த அகல ரோடு தேவையும் இல்லை. பாதியை வழித்தெடுத்துவிட்டுப் போங்கள்.

ஊர்க்காரர்களுக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. புரோக்கர் நீட்டுகிற பவர் பத்திரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், அது தனிக் கட்டுரைக்கான வயிற்றெரிச்சல். ரோடு போடும் முன்பே வரைபடம் கேளுங்கள். எந்தெந்த இடத்தில் ஓடையைத் தாண்டுகிறது, அங்கே என்ன கட்டுகிறார்கள் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கும் கிராம சபை கூடுகிறது. அன்று மேடையில் அதை விரித்து வைத்து, வரத்துக்கால் தெரிந்த பெரியவர்களை முன்னால் உட்காரவைத்துக் கேளுங்கள். தாசில்தாருக்கு மனு கொடுப்பதென்றால் "காத்தாடி மழையை விரட்டுகிறது" என்று எழுதாதீர்கள், உங்கள் மனுவும் சிரிப்போடு போய்விடும். புல எண் போட்டு, "ஓடைப் புறம்போக்கில் ரோடு, நீர்வரத்து அடைப்பு" என்று எழுதுங்கள், மழை நாளில் எடுத்த போட்டோவோடு. 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் எதற்கு இருக்கிறது?

இன்னொன்று, இது கெஞ்சல். காற்றாலையில் கழிக்கிற கியர் ஆயில் ட்ரம்மை விலைக்கு வாங்கிவந்து குடிதண்ணீர் பிடித்து வைக்கிறார்கள். எத்தனை முறை கழுவினாலும் அந்த ஆயில் போகாது தாயே, தயவுசெய்து வேண்டாம்.

அந்த ஊர் ரோட்டை உடைத்துக் குழாய் பதிக்கக் கம்பெனி ஒத்துக்கொண்டிருக்கிறது, மூன்று குழாய். பெரியவர் ஓடையின் பழைய அகலத்தைக் காலால் அளந்து காட்டி ஐந்து வேண்டும் என்கிறார். நான் ஐந்து என்றே வரைந்து கொடுத்திருக்கிறேன். ஐப்பசிக்குள் பதித்தாக வேண்டும்.